எரிவது பாதம், ஸ்கேன் எடுத்தது இடுப்புக்கு

கேள்வி: டாக்டர் சார், நாங்கள் கடலூர் முதுநகர். அம்மாவுக்கு 61 வயது, மீன் வியாபாரம். சர்க்கரை வந்து 11 வருடம் ஆகிறது, மெட்ஃபார்மின் காலையில் 1 கிராம், இரவு 1 கிராம் என்று ஆறேழு வருடமாகச் சாப்பிடுகிறார். எட்டு மாதமாக இரண்டு உள்ளங்காலும் மிளகாய் அரைத்துப் பூசினாற்போல் எரிகிறது என்கிறார். பகலில் மார்க்கெட்டில் இருக்கும்வரை அவ்வளவாகத் தெரியவில்லை, ராத்திரி படுத்தால் தூக்கமே இல்லை, ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். புடவைக் கரை பட்டால்கூட வலிக்கிறதாம். ஆனால் போன மாதம் ஒரு கால் செருப்பு கழன்று போனதே தெரியாமல் தெருமுனைவரை வந்துவிட்டார்! ஒரு இடத்தில் இடுப்புக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார்கள். இன்னொரு இடத்தில் பத்து சிவப்பு ஊசி. அப்புறம் ஒரு நரம்பு மாத்திரை, மூன்றே நாளில் தலை சுற்றி விழப்பார்த்தார், நிறுத்திவிட்டோம். கடைசியாக எழுதிக்கொடுத்த மாத்திரையை மருந்துக்கடைத் தம்பி 'இது மனநோய்க்குக் கொடுப்பது' என்றதால் வாங்காமலே வந்துவிட்டோம். அம்மாவுக்கு என்னதான் வியாதி? எந்த ஸ்பெஷலிஸ்டிடம் போவது, எந்த டெஸ்ட் எடுப்பது?

பதில்: செருப்பு கழன்ற கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் பாதி நோய் அதற்குள் இருக்கிறது. புடவைக் கரை பட்டால் வலிக்கிற அதே காலில் செருப்பு போனது தெரியவில்லை. கேட்பவர்களுக்கு இது முன்னுக்குப்பின் முரணாக இருக்கும், வீட்டில் சிலர் 'நடிக்கிறார்' என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். நரம்பு கெட்டுப்போன காலில் இரண்டும் சேர்ந்துதான் வரும். எலி கடித்த ஒயரைப் பார்த்திருப்பீர்கள், விளக்குக்குக் கரண்டு ஒழுங்காகப் போகாது, ஆனால் கடிபட்ட இடத்தில் பொறி பறக்கும். அதுபோல, பாதத்தில் நடப்பதை மூளைக்குச் சொல்லவேண்டிய இழைகள் செத்துக்கொண்டே வருகின்றன, சாகாமல் மிச்சமிருப்பவை காரணமே இல்லாமல் தாமாகச் சுடுகின்றன.

இத்தனை இடம் போயிருக்கிறீர்கள். யாராவது அம்மாவைக் கட்டிலில் படுக்கவைத்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்களா? கடிதத்தில் அந்த வரி இல்லை. நீங்கள் எழுத மறந்திருக்கலாம், ஆனால் இருபது வருடத்துக்கு மேலாக இந்த ஊரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற அனுபவத்தில் சொல்கிறேன், பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். நூறு பேர் வெளியே காத்திருக்கும்போது ஸ்கேன் எழுதிக்கொடுக்க அரை நிமிடம் போதும், பாதம் பார்க்கப் பத்து நிமிடம் ஆகும். நானும் அப்படி எழுதிக் கொடுத்த நாட்கள் உண்டு.

நம் ஊரில் 'நரம்பு' என்ற சொல்லே ஒரு தொல்லை. பழைய தமிழில் யாழில் கட்டிய தந்திக்கு நரம்பு என்று பேர். இன்றைக்குக் கையில் ஊசி போடத் தேடும் ரத்தக்குழாயும் நரம்புதான், காலில் நீலமாகச் சுருண்டு கிடக்கும் சிரையும் நரம்புதான், குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரும் நரம்புதான். போதாததற்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று பஸ் ஸ்டாண்டு சுவர்களில் எழுதியிருப்பது வேறு சமாச்சாரம். அதனால் 'நரம்பு இழுக்குது டாக்டர்' என்று ஒருவர் வந்தால் எந்த நரம்பு என்று கண்டுபிடிப்பதே என் முதல் வேலை. ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது தசைப்பிடிப்பு. நடந்தால் வலித்து, நின்றால் இரண்டு நிமிடத்தில் விட்டுப்போவது ரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம், பீடி சிகரெட் பிடிப்பவர்களிடம் முதலில் அதைத்தான் தேடுவேன். அசல் நரம்பு வலிக்குத் தனி பாஷை இருக்கிறது: எரியுது, ஷாக் அடிக்குது, ஊசி குத்துது, எறும்பு ஊறுது, பஞ்சுமேல் நடக்குற மாதிரி இருக்கு, மரத்துப் போச்சு. நோயாளி இந்த வார்த்தைகளைச் சொன்னால் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன்.

இந்த வார்த்தைகளையே கேள்விகளாக்கி, பிரான்ஸ் நாட்டு டாக்டர்கள் 2005-ல் ஒரு சின்னக் கேள்வித்தாள் செய்தார்கள். டி.என்.4 என்று பேர். டி என்பது 'துலேர்', பிரெஞ்சில் வலி. புதுச்சேரியில் பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) வீட்டுக் கிழவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். மொத்தம் பத்து மார்க், நான்கோ அதற்கு மேலோ வந்தால் நரம்பு வலி என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் அம்மாவுக்கு எரிச்சல் ஒன்று, மரத்துப்போனது ஒன்று, துணி உரசினாலே வலி ஒன்று, மூன்று மார்க் உங்கள் கடிதத்திலேயே வந்துவிட்டது. தொட்டுப் பார்த்து உணர்ச்சி குறைந்திருந்தால் நான்கு. செருப்புக் கதையை வைத்துப் பார்த்தால் குறைந்துதான் இருக்கும்.

சரி, நரம்புதான் என்று வைத்துக்கொள்வோம். அது கெட்டது இடுப்பிலா, பாதத்திலா? ஆபரேஷன் பேச்சு வந்துவிட்டதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடுப்பில் ஜவ்வு பிதுங்கி நரம்பின் வேரை அழுத்தினால் வலி பெரும்பாலும் ஒரு பக்கம், புட்டத்தில் தொடங்கி தொடை, கெண்டைக்கால் என்று கோடு போட்டாற்போல் இறங்கும். இருமினால், தும்மினால் ஏறும். வயதானவர்களுக்கு முதுகெலும்புக் குழாயே சுருங்கிப்போனால் இரண்டு காலிலும் வரும், ஆனால் அது நடந்தால் வரும், உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ விடும். உங்கள் அம்மாவுக்குத் தலைகீழ். நாள் முழுக்க மார்க்கெட்டில் நிற்கிறார், ஒன்றும் பெரிதாக இல்லை, ராத்திரி படுத்தால் எரிகிறது, அதுவும் இரண்டு உள்ளங்காலும் சமமாக. அப்படியானால் எம்.ஆர்.ஐ.யில் தெரிந்த பிதுக்கம்? அது பொய்யில்லை, அங்கே இருக்கத்தான் செய்கிறது. முதுகுவலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. அதன்படி ஒரு தொந்தரவும் இல்லாத 60 வயதுக்காரர்களில் 69 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம். தலைமுடி நரைப்பது மாதிரிதான். நரைத்த முடியைக் காட்டி, இதனால்தான் பல்வலி என்றால் ஒத்துக்கொள்வீர்களா? அந்த ஃபிலிமைப் பத்திரமாக வையுங்கள், ஆபரேஷன் பேச்சை இப்போதைக்கு விடுங்கள்.

ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது? காட்டுமன்னார்கோவில் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் கடைமடை என்றால் என்னவென்று அவர்களிடம் கேளுங்கள். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் தலைமடைக்காரன் வயலில் தெரியாது, கடைமடை முதலில் காயும். பாதத்துக்கு வரும் உணர்ச்சி நரம்பின் செல் முதுகெலும்பை ஒட்டி இருக்கிறது, அதன் இழை கால் விரல் நுனிவரை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம் ஓடுகிறது. பல வருடம் சர்க்கரை ஏறி இறங்கியதில் அந்தச் செல்லால் அவ்வளவு தூரம் சாப்பாடு அனுப்ப முடியாமல் போகும்போது நுனி முதலில் சாகும். அதனால்தான் இரண்டு காலிலும் ஒரே சமயத்தில், விரல்களில் தொடங்கி, காலுறை போட்டுக்கொண்டே போவது மாதிரி மேலே ஏறும். முழங்கால் கிட்டே வந்த பிறகுதான் கைவிரல் நுனியில் ஆரம்பிக்கும். இந்த வரிசையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாறாகக் கையில் முதலில் வந்தால், ஒரு பக்கம் மட்டும் வந்தால், வலியைவிட பலவீனம் முந்திக்கொண்டால், நாலைந்து நாளில் கிடுகிடுவென்று மேலே ஏறினால், சர்க்கரை இருந்தாலும் பழியைச் சர்க்கரைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், செலவில்லாதது, இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊர் டாக்டர்கள் 2011-ல் பிரபலப்படுத்தியது. அம்மாவைக் கண்ணை மூடிக்கொண்டு படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால் ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை இறகு படுகிற மாதிரி ஓரிரண்டு நொடி தொடுங்கள். அழுத்தாதீர்கள், தடவாதீர்கள், குத்தாதீர்கள். தொட்டது தெரிந்தால் வலதா இடதா என்று சொல்லவேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறவிட்டால் அந்தக் கால் புண்ணாகும் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நாங்கள் கிளினிக்கில் செய்வதும் இதன் பெரியண்ணன்தான். வளையும்போது சரியாக 10 கிராம் அழுத்தம் கொடுக்கிற ஒரு நைலான் இழையால் பாதத்தில் தொடுவோம், பார்த்தால் அப்படியே தூண்டிலில் கட்டும் தங்கூசி மாதிரி இருக்கும், உங்கள் வீட்டில் யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. அப்புறம் 128 என்று எண் போட்ட இசைக்கவையைத் தட்டிப் பெருவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்போம். குதிகாலுக்கு மேலே சுத்தியலால் தட்டினால் பாதம் துள்ளவேண்டும், வயது ஆக ஆக அது சிலருக்குத் தானாகவே குறையும். பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி பார்ப்போம், ரத்த ஓட்டம் சரியில்லாத காலுக்கு வைத்தியமே வேறு. இதெல்லாம் செய்ய ஸ்பெஷலிஸ்ட் வேண்டியதில்லை, எம்.பி.பி.எஸ். படித்த, செருப்பைக் கழற்றச் சொல்கிற எந்த டாக்டரும் போதும்.

நரம்பில் கரண்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அந்த டெஸ்ட் தடித்த இழைகளை மட்டும்தான் பார்க்கும். எரிச்சலையும் சூட்டையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதில் தெரியாது. பாதம் தகதகவென்று எரியும், ரிப்போர்ட்டில் நார்மல் என்று வரும், வீட்டுக்காரர்கள் நோயாளியைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள். நான் மேலே சொன்ன வரிசைக்கு மாறாக இருந்தால்தான் அந்த டெஸ்டுக்கு எழுதுவேன், கூடவே புதுச்சேரி கோரிமேடு ஜிப்மர் ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்கும் கடிதம் கொடுப்பேன்.

உங்கள் அம்மாவுக்கு வேண்டியது ரத்தப் பரிசோதனைகள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை, சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், ரத்த அணுக்கள், தைராய்டு, முக்கியமாக பி12 வைட்டமின். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, நானும் தினமும் எழுதுகிறேன், ஆனால் அதிக அளவில் பல வருடம் சாப்பிடும்போது குடல் பி12-ஐ எடுத்துக்கொள்வது குறைகிறது. தினமும் மீன் சாப்பிடுகிறவருக்கு எப்படிக் குறையும் என்று கேட்காதீர்கள், தட்டில் இருப்பது வேறு, ரத்தத்துக்கு வருவது வேறு. பொதுவாக 200-க்குக் கீழே இருந்தால் குறைவு, அதற்குக் கொஞ்சம் மேலே இருந்தாலும் அறிகுறி இருந்தால் நான் குறைவாகவே எடுத்துக்கொள்வேன். இங்கேதான் அந்தப் பத்து சிவப்பு ஊசி ஒரு காரியத்தைக் கெடுத்திருக்கிறது. அதன் சிவப்பே பி12-ன் சிவப்புதான். ஊசி போட்ட பிறகு பார்த்தால் ரிப்போர்ட் எக்கச்சக்கமாக வரும், முன்னால் குறைவாக இருந்ததா என்று இனிமேல் சொல்வது கஷ்டம். ஊசிக்கு முன்னால் எடுத்த ரத்த ரிப்போர்ட் ஏதாவது பீரோவில் கிடந்தால் தேடி எடுங்கள். சிவப்பு அணு வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது என்ற ஒரு வரி அதில் இருந்தால்கூட எனக்குத் துப்பு கிடைக்கும்.

இதில் நான் பட்ட அடி ஒன்று இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், சர்க்கரை இருந்த ஒரு வாத்தியாருக்குப் பாதம் மரத்துப்போனதைச் சர்க்கரை நரம்பு என்றே முடிவுகட்டி மாதக்கணக்கில் மாத்திரை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அவர் மனைவி, காலையில் முகம் கழுவும்போது கண்ணை மூடினால் தள்ளாடுகிறார், வாஷ்பேசினைப் பிடித்துக்கொள்கிறார் என்றார். அது சர்க்கரை பாஷை இல்லை, தண்டுவடத்தின் பின்பக்கம் அடிவாங்கிய பாஷை. பி12 பார்த்தால் அதலபாதாளத்தில். ஊசி போட்டு நிறைய சரியானது, முழுக்க ஆகவில்லை. ஆறு மாதம் முன்னால் பார்த்திருந்தால் ஆகியிருக்கும். அதற்கப்புறம் எல்லோரிடமும் முகம் கழுவும் கேள்வியைக் கேட்கிறேன். உங்கள் அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள்.

பி12 குறைந்தவருக்கு ஊசி மருந்து, குறையாதவருக்கு அது கலர் தண்ணீர் மாதிரிதான். ஆனால் 'சத்து மாத்திரைதானே' என்று நரம்பு வைட்டமின் கலவைகளை வருடக்கணக்கில் விழுங்குவது வேறு விஷயம். அதில் பி6 இருக்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுபவர்களுக்கு நரம்பு கெடாமல் இருக்க நாங்கள் கொடுப்பதும் அதே பி6-தான், அளவுக்கு மிஞ்சி நெடுநாள் சாப்பிட்டால் நரம்பைக் கெடுப்பதும் அதே பி6-தான். அட்டையின் பின்பக்கம் எத்தனை மில்லிகிராம் என்று பாருங்கள், ஒரே சமயத்தில் இரண்டு கம்பெனி மாத்திரையில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

இனி அந்த 'மனநோய் மாத்திரை'. பெயர் எழுதவில்லை, அமிட்ரிப்டிலினாகவோ டுலாக்ஸெடினாகவோ இருக்கும். மருந்துக்கடைத் தம்பி பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். மன அழுத்தத்துக்கு அமிட்ரிப்டிலின் 75, 100 மில்லிகிராம் என்று கொடுப்பார்கள், நரம்பு வலிக்கு 10-ல் ஆரம்பிப்போம். வலியை மூளை தானே அடக்குவதற்கு முதுகுத்தண்டு வழியாகக் கீழே ஒரு கட்டளை அனுப்புகிறது, இந்த மருந்து அந்தக் கட்டளையின் குரலைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். விளக்கெண்ணெயை வயிறு கழியவும் குடித்தார்கள், மாட்டுவண்டி அச்சிலும் விட்டார்கள், அதனால் வயிறு வண்டியாகிவிடாது. உங்கள் அம்மா சாப்பிட்டு நிறுத்திய 'நரம்பு மாத்திரை' அநேகமாக ப்ரீகாபாலின் கலந்தது, அது வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து, அதை யாரும் வலிப்பு மாத்திரை என்று பயமுறுத்தவில்லை பாருங்கள்.

தலைசுற்றல் ஏன் வந்தது? ப்ரீகாபாலின் ஏறக்குறைய முழுக்கச் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறவேண்டும். 11 வருடச் சர்க்கரைக்காரருக்குக் கிரியாட்டினின் பார்க்காமல் கொடுத்தால் உள்ளே தேங்கும். அதோடு ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்தைக் கலந்து கொடுத்தால் எது ஒத்துக்கொண்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று பிரித்துப் பார்க்கவே முடியாது, அளவையும் தனித்தனியாக ஏற்ற முடியாது. எனக்கு அந்தக் கலவைகள் பிடிக்காது, ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

மூன்று மருந்தில் எது மேல்? 2015-ல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் வந்த பெரிய தொகுப்பில், அமிட்ரிப்டிலின் வகையைக் கொடுத்தால் ஏறக்குறைய நான்கு பேரில் ஒருவருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிடக் கூடுதலாக வலி பாதியாகக் குறைகிறது, டுலாக்ஸெடின் வகைக்கு ஆறு பேருக்கு மேல் கொடுக்கவேண்டும், ப்ரீகாபாலினுக்கு ஏழு, எட்டு பேர். 2022-ல் பிரிட்டனில் சர்க்கரை நரம்பு வலிக்காரர்கள் 130 பேரை வைத்து, மூன்றில் எதில் தொடங்கி எதைச் சேர்த்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான், ஒன்று போதாதபோது இரண்டாவதைச் சேர்ப்பது உதவுகிறது என்று காட்டினார்கள். அதனால் எது மேல் என்பதைவிட, யாருக்கு எது ஆகாது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. இதயத் தாளக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைப்பு இருப்பவர்களுக்கு அமிட்ரிப்டிலின் வேண்டாம். கல்லீரல் கெட்டவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் டுலாக்ஸெடின் வேண்டாம். ப்ரீகாபாலின் எடை ஏற்றும், கால் வீங்கும். உங்கள் அம்மாவுக்கு ஒரு ஈ.சி.ஜி. எடுத்து அது சரியாக இருந்து, மேலே சொன்ன தடை எதுவும் இல்லையென்றால், அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம், படுக்கப்போவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் என்று நான் தொடங்குவேன். தூக்கமே இல்லாதவருக்கு அதன் தூக்கக் கலக்கமே ஒரு லாபம். வாய் உலரும், மலம் இறுகும். ராத்திரி பாத்ரூம் போகும்போது விளக்கு போட்டுக்கொண்டு மெதுவாக எழுந்திருக்கவேண்டும். வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் ஏற்றலாம், அதை டாக்டரிடம் கேட்டு ஏற்றுங்கள்.

இரண்டாவது நாளே 'ஒண்ணும் கேக்கல' என்று நிறுத்திவிடாதீர்கள். சரியான அளவுக்கு வந்த பிறகு நான்கு வாரமாவது பார்க்கவேண்டும். காலண்டர் தாளின் பின்னால் தினமும் ராத்திரி வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதிவையுங்கள், எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும். எட்டு என்றது ஐந்தாகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது, நான்கானால் கொண்டாடலாம். பூஜ்யம் ஆகும் என்று யாராவது சொன்னால் அவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆயுள் முழுக்கவா என்றால், வலி அடங்கி ஆறு மாதம் போல ஆனதும் மெல்ல மெல்லக் குறைத்துப் பார்ப்பேன், சிலருக்கு நிறுத்தவும் முடிந்திருக்கிறது. திடீரென்று மட்டும் எதையும் நிறுத்தக் கூடாது. இதற்கு நடுவில் வலி மாத்திரை என்று டைக்ளோஃபினாக் வாங்கிப் போடாதீர்கள், நரம்பு வலிக்கு அது கேட்காது, சிறுநீரகத்தைத்தான் கேட்கும்.

அம்மா சொன்ன மிளகாய் உவமை இருக்கிறதே, அதைவிடத் துல்லியமாக ஒரு டாக்டரால் சொல்ல முடியாது. மிளகாயின் காரமும் சுடுதண்ணீரின் சூடும் நரம்பு நுனியில் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்கர் 1997-ல் அந்தக் கதவைக் கண்டுபிடித்தார், 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் திறக்கிற கதவு அது. உங்கள் அம்மாவின் காலில் தீயும் இல்லை, மிளகாயும் இல்லை, கதவு மட்டும் திறந்து கிடக்கிறது. வேடிக்கை என்னவென்றால் மிளகாயின் காப்சைசினையே களிம்பாகத் திரும்பத் திரும்பத் தடவினால் அந்த நுனிகள் சலித்துப்போய் அடங்கும். மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவும் ஒரு வழி. ஆனால் முதல் சில நாள் எரிச்சல் கூடும், வெடித்த தோலில் போடக் கூடாது, போட்ட கையோடு கண்ணைத் தொடக் கூடாது. வீட்டு மிளகாயை அரைத்துப் பூசிவிட்டு என்மேல் பழி போடாதீர்கள்.

சர்க்கரையைப் பற்றி ஒரு உண்மை. கட்டுப்பாடு நரம்பு மேலும் கெடுவதை மெதுவாக்கும், ஏற்கெனவே வந்த எரிச்சலை அணைத்துவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வெறிபிடித்தது போல ஒரே மாதத்தில் இறக்கவும் வேண்டாம், மூன்று மாதச் சராசரி மிக வேகமாக இறங்கும்போது சிலருக்கு எரிச்சல் புதிதாகக் கிளம்புவதைப் பார்க்கிறோம். வைத்தியம் பலிக்கவில்லை என்று நினைத்து அப்போது மருந்தை விட்டுவிடுவார்கள்.

இதே தலைப்பில் வேறு சிலரும் எழுதியிருந்தார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் அக்கா, உங்களுக்குக் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மட்டும் ராத்திரியில் மரத்து, கையை உதறினால் விடுகிறது என்றால் அது மணிக்கட்டில் நசுங்கும் நரம்பு, கழுத்துப் பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையைப் போடுங்கள், தைராய்டும் பாருங்கள். நெஞ்சைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் கிளம்பினால் அக்கி. குயவர் வீட்டில் போய்க் காவி எழுதிக்கொள்வது உங்கள் நம்பிக்கை, நான் தடுக்கவில்லை, ஆனால் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மாத்திரை தொடங்கவேண்டும், முதலில் அது. பல் தேய்த்தால் கன்னத்தில் ஷாக் அடிக்கிறது என்று இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்ட அண்ணன், அது பல் இல்லை, முக நரம்பு, அதற்குக் கார்பமாசெபைன் என்ற வேறு மருந்து, உடம்பில் தடிப்பு வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடவேண்டும். தோலில் வெளிறிய படை, அதில் உணர்ச்சி இல்லை, முழங்கை நரம்பு தடித்திருக்கிறது என்றால் தொழுநோய் பாருங்கள், அது போய்விட்டது என்று நினைப்பது தப்பு, அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆல்பேட்டை செக்போஸ்ட் தாண்டிப் புதுச்சேரிப் பக்கம் போனால் மது விலை குறைவு என்று தினமும் மாலையில் போய்வருபவர்கள் கால் எரிகிறது என்று வந்தால் எனக்குத் தனியாக விளக்கம் தேவையில்லை, அவர்களுக்கும்தான்.

திரும்பவும் அம்மாவுக்கு. சிறுநீர் அடைத்துக்கொண்டால் அல்லது தெரியாமல் போனால், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனால், பாதம் தொங்கி நடக்கும்போது தரையில் இழுத்தால், இந்தப் பதில் எதையும் பார்க்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். பாதத்தில் புண், கொப்புளம், சிவப்பு, வீக்கம் வந்தாலும் அன்றைக்கே போய்க் காட்டவேண்டும், வலிக்கவில்லை என்று விடுவதுதான் இந்தக் காலுக்குப் பெரிய ஆபத்து. ஈரத்துணி சுற்றுவது பரவாயில்லை, மீன் பெட்டி ஐஸ் தண்ணீரில் காலை ஊறவைக்கவேண்டாம், தோல் நைந்துபோகும். வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம், சூடு அவருக்குத் தெரியாது. ஏப்ரல், மே வெயிலில் பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு சுற்றினால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், காலையிலேயே போகட்டும், சாமி கோபித்துக்கொள்ளாது. தீமிதி நேர்த்திக்கடன் ஏதாவது பாக்கியிருந்தால் வேறு காணிக்கையாக மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மார்க்கெட்டுக்குப் போட்டுக்கொண்டு போக, குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்த எம்.சி.ஆர். (மெத்தென்ற ரப்பர்) செருப்பு வாங்கிக் கொடுங்கள், வார் இருந்தால் கழன்று விழாது. டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகள், பழைய ரத்த ரிப்போர்ட், காலண்டர் தாள் எல்லாவற்றோடு இப்போது போடுகிற பழைய செருப்பையும் காட்டுங்கள். என்னிடம் வந்தால் அதற்குள் முதலில் கையை விட்டுப் பார்ப்பேன். ஒருமுறை ஒருவரின் செருப்பில், மேலே வரை துளைத்து வந்திருந்த படகு ஆணி ஒன்று கிடைத்தது, எத்தனை நாளாக அதன்மேல் நடந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.